அண்ணாச்சி கடைத் தராசில் மகிமா

சுயம்பு அண்ணாச்சியின் மளிகைக் கடை திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறது. அந்த இருபத்தெட்டு வருஷத்தில் யாருக்கும் அவர் ஒரு கிராம் எடை குறைத்துக் கொடுத்ததில்லை. இதை ஊர் சொல்கிறதோ இல்லையோ, அவர் சொல்வார். துவரம் பருப்பு கேட்டு வந்தவரிடமும் சொல்வார், விலாசம் கேட்டு வந்தவரிடமும் சொல்வார். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசுக்கு வருஷம் தவறாமல் முத்திரை வாங்கி, அந்தச் சான்றிதழை சாமி படத்துக்குப் பக்கத்திலேயே சட்டம் போட்டு மாட்டியிருந்தார். ஊதுபத்தி இரண்டுக்கும் பொது.

அப்பேர்ப்பட்ட மனிதர் எடையில் பொய் சொன்னார். அதுவும் பெற்ற மகளிடம், ஏழு வாரம் தொடர்ந்து.

மகள் மகிமாவுக்கு இருபத்து நாலு வயது. பி.காம். முடித்துவிட்டுக் கடையின் பில் வேலையெல்லாம் கம்ப்யூட்டரில் அவள்தான் பார்த்தாள். ஐந்து மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. சாப்பிட்டாலும் உடம்பு ஏறியது, சாப்பிடாவிட்டாலும் ஏறியது, தாடையில் வேண்டாத இடத்தில் முடி முளைத்தது. கண்ணாடியைப் பார்ப்பதை விட்டாள். பிறகு ஒரு நாள் அம்மாவிடம் உட்கார்ந்து அழுதாள். ராயபுரத்தில் டாக்டர் ஆலிஸிடம் கூட்டிப் போனார்கள். அம்மாவும் மகளும் உள்ளே போக, அண்ணாச்சி வெளியே டோக்கன் அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்னதெல்லாம் மனைவி ஜெயக்கொடி வழியாகத்தான் அவருக்கு வந்து சேர்ந்தது.

"பிசிஓஎஸ்ஸாம். சினைப்பையில நீர்க்கட்டி மாதிரி வருமாம். இந்தக் காலத்துல நாலு புள்ளைங்கள்ல ஒண்ணுக்கு இருக்காம், பயப்பட வேண்டாங்காவ. இப்ப எம்பத்து நாலு கிலோ இருக்கா. மூணு மாசத்துல அஞ்சு கிலோ குறைஞ்சா, வர வேண்டியது தானா வர வழி இருக்காம். வரலன்னா மாத்திரையாம்."

"எடைதானே?" என்றார் அண்ணாச்சி. அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. "அது நம்ம தொழிலுல்லா."

தொழில்தான். ஆனால் மகிமா ஏற்கெனவே இரண்டு தடவை இந்தத் தொழிலில் இறங்கி நொடித்தவள். ஒரு தடவை விம்கோ நகரில் ஜிம்முக்குப் போனாள். இன்னொரு தடவை கொள்ளுக் கஞ்சி மட்டும் குடித்துப் பார்த்தாள். இரண்டு தடவையும் மூன்றாவது வாரம் எடை பார்த்தாள், முள் அசையவில்லை, அன்றோடு விட்டாள். விட்ட பிறகு ஒரு மாதம் யாரோடும் சரியாகப் பேசவும் இல்லை. இந்தத் தடவையும் விட்டுவிட்டால் மறுபடி தொடங்கவே மாட்டாள் என்பது அண்ணாச்சிக்குத் தெரிந்தது. அந்த ஒரு பயம்தான் அவரைப் பிடித்து ஆட்டியது.

எடை பார்ப்பதற்கென்று மகிமா ஆன்லைனில் ஒரு கண்ணாடித் தராசு வாங்கினாள். அண்ணாச்சி அதன்மேல் இருபத்தைந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி வைத்தார். இருபத்தைந்து அறுநூறு காட்டியது. "முத்திரை இல்லாத தராசு" என்று முகத்தைச் சுளித்து அன்றே திருப்பி அனுப்பச் சொன்னார். அதனால் திங்கள்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு, கடையின் ஷட்டரை ஏற்றுவதற்கு முன்னால், பூண்டு வாசனைக்கு நடுவில், மூட்டை நிறுக்கும் தராசில் மகிமா ஏறி நிற்பது என்று முடிவானது. ஷட்டர் மூடியிருக்க வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. தன் எடை தெருவுக்குத் தெரிந்தால் செத்துவிடுவேன் என்றாள்.

டாக்டர் சொன்னபடி அவள் ஒழுங்காகத்தான் நடந்தாள். சோறு பாதியானது, காய் இரட்டிப்பானது. முட்டை, காசிமேட்டு மீன் குழம்பு, சுண்டல். சீனியை அறவே விட்டாள். காலையில் கடற்கரைப் பக்கம் முக்கால் மணி நேர நடை. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையைத் தாண்டி, கருங்கல் கொட்டிய கரையோரமாக நடந்துவிட்டு வருவாள். முதல் வாரம் எண்பத்து நாலு நூறு. இரண்டாவது வாரம் எண்பத்து நாலு இருநூறு. மூன்றாவது வாரமும் அதே இருநூறு.

"நான் என்னத்தைத்தான் திங்குறேன்?" என்று மகிமா தராசின் மேலேயே நின்று அழுதாள்.

என்ன தின்கிறாள் என்று அன்றைக்குத்தான் விசாரணை நடந்தது. தினமும் விடியற்காலை ஜெயக்கொடி மகளுக்கு உளுந்தங்களி கொடுத்துக்கொண்டிருந்தாள். தோல் உளுந்து மாவில் உடன்குடிக் கருப்பட்டியைப் போட்டு, நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் கிண்டி, தேங்காய்ப் பருமனுக்கு இரண்டு உருண்டை.

"சாப்பாட்டைக் குறைன்னுதானே டாக்டர் சொன்னாவ? களி சாப்பாடா? அது மருந்துல்லா. பொம்பளப் புள்ளைக்கு இடுப்புக்கும் கர்ப்பப்பைக்கும் அதைவிட என்ன இருக்கு?" என்றாள் ஜெயக்கொடி. அம்மா சொல்கிறாளே என்று மகிமாவும் அதைக் கணக்கில் சேர்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாலும் களி களிதான். டாக்டர் ஆலிஸுக்கு ஃபோன் போட்டார்கள். அவர் சிரித்து முடிப்பதற்கே அரை நிமிஷம் ஆனது. களி நின்றது.

நான்காவது திங்கள்கிழமை தராசு எண்பத்து நாலு என்று காட்டியது. அதாவது புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றிருந்தாள். மகிமா அன்று அழவில்லை. இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, "இன்னும் ஒரு வாரம் பாப்பேன்பா. அப்பவும் இப்படித்தான்னா விட்டுருவேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அழுதிருந்தால் அண்ணாச்சிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த திங்கள்கிழமை அவர் ஐந்தரைக்கே கடைக்குள் இறங்கினார். மேடைத் தராசில் ஒரு பட்டன் உண்டு. எண்ணெய் டின்னையோ சாக்கையோ வைத்து அதை அமுக்கினால் டின்னின் எடையைத் தராசு கழித்துவிடும். கடைக்காரர்கள் அதைக் கழிவு போடுவது என்பார்கள். டின்னை எடுத்துவிட்டால் தராசு அந்த எடையை மைனஸில் காட்டியபடி காத்திருக்கும். அண்ணாச்சி அரைக் கிலோ இரும்புக் கல்லை எடுத்துத் தராசில் வைத்து, பட்டனை அமுக்கி, கல்லை எடுத்தார். மைனஸ் அரைக் கிலோ என்ற எழுத்து சிவப்பாக எரிந்தது. அதன்மேல் தோள் துண்டைப் போட்டு மூடினார்.

மகள் ஏறி நின்ற பிறகுதான் சன்னிதித் திரையை விலக்குகிற பூசாரி மாதிரி துண்டை விலக்கினார். எண்பத்து மூணு நானூறு.

"அப்பா!" என்று கத்தினாள் மகிமா. ஆறு கிலோமீட்டர் நடந்தாலும் வராத சிவப்பு அவள் முகத்தில் வந்தது. அண்ணாச்சி அந்த முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான், அதோடு கெட்டார்.

பொய்யில் இருக்கும் தொல்லை என்னவென்றால், போன வாரத்தை விட இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அரைக் கிலோ ஒரு கிலோவானது. ஒரு கிலோ ஒன்றரையானது. சாமி படத்தை நேரே பார்ப்பதை அண்ணாச்சி நிறுத்தினார். துண்டு எதற்கு என்று மகிமா கேட்டபோது, "ஏறும்போது நம்பர் ஆடும், அதைப் பாத்தா மனசும் ஆடும்" என்று ஏதோ தத்துவம் போலச் சொல்லி வைத்தார். அவள் நம்பினாள். இருபத்தெட்டு வருஷ நாணயத்தை ஊரே நம்பும்போது மகள் நம்ப மாட்டாளா?

நிஜ எடை அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அது இந்தப் பொய்யை எப்படியாவது எட்டிப் பிடித்துவிட வேண்டும் என்று அவரும் காலையில் மகளோடு நடக்கத் தொடங்கினார். "போலாமா? இன்னும் ஒரு ரவுண்டு போலாமா?" என்று மூச்சிரைக்க அவர் கேட்பதைப் பார்த்து மகிமாவுக்குச் சிரிப்பு வரும். வீட்டில் இருந்த முறுக்கு டப்பாவை ரகசியமாகக் கடைக்கு இடம் மாற்றினார், கடையில் இருந்த முறுக்கையெல்லாம் தானே தின்றார். ஒரு மாதத்தில் அவருக்குத்தான் இரண்டு கிலோ ஏறியது.

மகிமா மாறினாள். பழைய சுடிதாரை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். பில் போடும்போது பாட்டு முணுமுணுத்தாள். பந்தியில் மைசூர்பாகு வைத்தால், "வேண்டாம், எனக்கு வேற வேலை இருக்கு" என்று மிடுக்காகத் தள்ளி வைத்தாள். அண்ணாச்சிக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நிஜ எடையும் குறைந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் பொய் பஸ்ஸில் போனது, நிஜம் நடந்து வந்தது.

பதினோராவது திங்கள்கிழமை. டாக்டரைப் பார்க்க இன்னும் ஒன்பது நாள். இரண்டு கிலோ கல்லும் ஒரு கிலோ கல்லுமாக மூன்று கிலோ கழிவு போட்டு, துண்டை விலக்கினார். எழுபத்தொன்பது இருநூறு. "இன்னும் இருநூறுதான்பா!" என்று மகிமா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. புளி ஏற்றி வந்த லாரி மணலி பக்கம் சகதியில் இறங்கி நிற்கிறதாம். அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். துண்டைத் தராசின் மேலேயே போட்டுவிட்டு, கழிவை எடுத்துவிட மறந்தே போனார்.

பத்தரை மணிக்கு அவர் திரும்பி வந்தபோது கடை வாசலில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. அதிலிருந்து பிரியாணி மாஸ்டர் ஃபவாஸ் மூன்று அரிசி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். காலையில் இங்கே நிறுத்து வாங்கிப் போன சீரகச் சம்பா.

"இன்னா அண்ணாச்சி, உன் தராசு இன்னிக்கு பேஜாரு பண்ணிக்கீது" என்றார் ஃபவாஸ். "இருவது கிலோ மூட்டை மூணு வாங்கிக்கினு போனேன். மூணுத்துலயும் மூணு மூணு கிலோ ஜாஸ்தி கீது. நான் அரிசியை நிறுத்துட்டுத்தான் தண்ணி வெப்பேன். இத்த அப்டியே அண்டாவுல கொட்டிக்கீறேன்னு வையி, கல்யாண ஊட்டுக்காரன் என்னைய உள்ள வெச்சி தம் போட்டிருப்பான்."

மூட்டை நிறுக்கும் அப்பாவு முன்னால் வந்தான். சடையங்குப்பத்துக்காரன், கடையில் பத்து வருஷமாக இருப்பவன். "நீ இன்னாத்துக்கோ கழிவு போட்டு வெச்சிக்கீறன்னு நெனச்சிக்கினேன் அண்ணாச்சி. காலைல துண்டைத் தூக்கி பாத்தா மைனஸ் மூணுன்னு நின்னுகினு இருந்துச்சி. ஏதோ டின்னு கணக்கு, நாம இன்னாத்துக்கு கை வெக்கணும்னு அப்டியே வுட்டுட்டேன். எட்டு பேருக்கு நிறுத்துக் குடுத்துட்டேனே!"

தேரடி வட்டாரத்தில் அன்று காலை எட்டு வீடு மூன்று கிலோ கூடுதலாக வாங்கிப் போயிருந்தது. அண்ணாச்சி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து மகிமா தலையைத் தூக்கியதைத்தான் பார்த்தார்.

"காலைல ஆறு மணிக்கு எந்த டின்னுக்குப்பா கழிவு போட்டீங்க?" என்று கேட்டாள்.

அவர் தராசுப் பக்கம் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மகிமாவின் பார்வை அந்தத் துண்டில் போய் நின்றது. பி.காம். படித்த பெண்ணுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அவள் எழுந்தாள். மாடிக்குப் போகப் போகிறாள், கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தார் அண்ணாச்சி. அவள் மாடிக்குப் போகவில்லை. கடை படியிறங்கி, ஆட்டோக்களுக்கு நடுவே தெருவைக் கடந்து, எதிர்த்த இசக்கிப்பாண்டி கடைக்குள் போனாள். இசக்கிப்பாண்டியும் அண்ணாச்சியைப் போலவே உடன்குடிப் பக்கம்தான், அவரும் மளிகைதான். அதனாலேயே பன்னிரண்டு வருஷமாக இரண்டு கடைக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மகிமா செருப்பைக் கழற்றிவிட்டு அவர் கடைத் தராசில் ஏறி நின்றாள். அப்போது அங்கே ஆறு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

"எவ்வளவு காட்டுது சித்தப்பா?"

இசக்கிப்பாண்டி எழுந்து நின்றுவிட்டார். "எதுக்கும்மா இதெல்லாம்…" என்று சுற்றிலும் பார்த்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ சொன்னார்.

"சத்தமாச் சொல்லுங்க. எதிர்க் கடைக்குக் கேக்கணும்."

"எம்பத்திரெண்டு கிலோ இருநூறு!" என்று அவர் கத்தினார். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆளின் தராசு காற்றடித்தாலே ஏறும் என்று இத்தனை வருஷம் சொல்லி வந்தவர் அண்ணாச்சி. அது ஒரு கிராம் பிசகாமல் சரியாகச் சொல்கிறது என்று அன்றைக்கு அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மகிமா திரும்பி வந்தாள். கண் நிறைந்திருந்தது, குரல் உடையவில்லை.

"எம்பத்து நாலுல இருந்து எம்பத்திரெண்டு இருநூறு. ஒண்ணு எண்ணூறு நான் குறைச்சேன். மீதி மூணு கிலோ நீங்க குறைச்சது."

"நீ விட்டுருவியோன்னு பயந்துட்டேம்மா" என்றார் அண்ணாச்சி. அவர் குரல்தான் உடைந்தது.

"விட்டா நான் விட்டதா இருந்துட்டுப் போட்டும்பா. தராசுல ஏறி நிக்கிறது நான்தானே? நானும் என்னடா டிரெஸ் எல்லாம் அப்படியே பிடிக்குதேன்னு பாத்தேன். துணிதான் சுருங்கிட்டுன்னு நெனச்சேன். உங்களைச் சந்தேகப்படத் தோணலையே எனக்கு." அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். ஃபவாஸ் மூட்டையின் கட்டை அவிழ்ப்பது போல் குனிந்துகொண்டார். அப்பாவு காரணமே இல்லாமல் கடையைப் பெருக்கத் தொடங்கினான்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணாச்சி பயந்துகொண்டே ஷூவை மாட்டினார். மகிமா இறங்கி வந்தாள். பத்தடி முன்னால் நடந்தாள், அவர் பத்தடி பின்னால் நடந்தார். புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை கருங்கல் கரைக்கு வந்ததும் திரும்பிப் பார்க்காமலே, "எம்பத்திரெண்டு கிலோ நானே வேகமா நடக்கேன், உங்களுக்கென்ன?" என்றாள். அண்ணாச்சிக்கு அது போதுமாக இருந்தது. அன்று ஓடாத குறையாக நடந்தார். இனிமேல் வாராவாரம் இசக்கிப்பாண்டி கடையில்தான் எடை பார்க்கப் போகிறாளாம். அதையும் விழுங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு அவள் இறங்கி வரவில்லை. ஐந்தே முக்காலுக்கு அண்ணாச்சி மாடிக்கு ஏறி அவள் அறைக் கதவைத் தட்டினார்.

"எம்மா, நேரமாச்சு."

"நான் வரல. நீங்க போங்க."

இதைத்தானே அவர் பதினோரு வாரம் பயந்துகொண்டிருந்தார்! ஆக, விட்டுவிட்டாள். மூன்று நாள் வீம்புக்கு நடந்தாள், இப்போது விட்டுவிட்டாள். சாத்திய கதவைப் பார்த்து அவர் பேசத் தொடங்கினார்.

"எம்மா, நான் செஞ்சது தப்பு. பெரிய தப்பு. என் மேல உள்ள கோவத்தை உன் உடம்பு மேல காட்டாத. ஒண்ணு எண்ணூறுன்னா சும்மாவா? எண்ணெய்ப் பாக்கெட் ரெண்டு தூக்கிப் பாரு, அவ்வளவு உன் உடம்புல இருந்து எறங்கியிருக்கு. டாக்டர்ட்ட நானே உள்ள வந்து உண்மையச் சொல்லுதேன். வேணும்னா இசக்கிப்பாண்டி கடையில நானும் ஏறி நிக்கேன், நீயே சத்தம் போட்டுச் சொல்லு. நீ மட்டும் விட்டுராத தாயி."

ஜெயக்கொடி வெந்நீர்ப் பையோடு வந்து பின்னால் நின்றாள்.

"விடியக் காலையில கதவுகிட்ட என்ன பிரசங்கம்?"

"அவ விட்டுட்டா ஜெயா. என்னாலதான்."

"எதை விட்டா? அவளுக்கு வயித்து வலி. தள்ளுங்க."

"வயித்து வலியா? என்ன சாப்பிட்டா? ஆட்டோ பிடிக்கட்டுமா?"

ஜெயக்கொடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் இந்த மனுஷனோடு குடும்பம் நடத்திவிட்டோமே என்கிற பார்வை அது.

"எட்டு மாசம் கழிச்சு வந்திருக்குங்க" என்றாள்.

அண்ணாச்சி விளங்காமல் நின்றார். பிறகு விளங்கியது. விளங்கியதும் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அம்மா, அப்பாவைக் கீழ போகச் சொல்லு" என்று உள்ளேயிருந்து மகிமாவின் குரல் வந்தது. வலியோடுதான் சொன்னாள், ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னாள். "இன்னும் கொஞ்ச நேரம் நின்னா இதையும் தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லிருவாங்க."

அண்ணாச்சி கீழே இறங்கிப் போனார். இருட்டாகக் கிடந்த கடைக்குள், மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். அன்றைக்குக் கடை அரை மணி நேரம் தாமதமாகத் திறந்தது.